மாலேயிலிருந்து தம்பியைக் கூட்டி வந்தேன்

எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் இருந்தது எனக்கு மட்டும்தான். தூத்துக்குடி துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்குகளுக்குக் காகிதவேலை செய்துகொடுக்கும் அலுவலகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எப்போதோ ஒரு தடவை ஊழியர்களையெல்லாம் கொழும்புக்குச் சுற்றுலா கூட்டிப்போவதாக முதலாளி சொன்னார். ஆளுக்கொரு பாஸ்போர்ட் எடுத்தோம். சுற்றுலா நடக்கவில்லை. ஒரு முத்திரைகூட விழாமல் அது பீரோவில் கிடந்தது.

என் தம்பி சேர்மத்துரை, மாலத்தீவின் தலைநகரமான மாலேயில் ஒரு வெங்காய மண்டியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் வெங்காயம், காய்கறி, கருங்கல் என்று ஏற்றிக்கொண்டு அங்கேதான் போகின்றன. தோணி வந்ததும் மூட்டைகளைச் சரிபார்த்து இறக்குவது அவன் வேலை. ஒன்பது வருடம் அதைச் செய்தான். ஒரு மழைநாள் காலையில், தோணிக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் கால் வழுக்கியது. விழும்போது முதுகு கரைக்கல்லின் விளிம்பில் அடித்தது. முதுகுத்தண்டு போயிற்று. அங்கேயே ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து, விமானத்தில் உட்கார்ந்து போகலாம், வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போகட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி ஜெயா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தாள். அவனை எழுப்பி உட்காரவைத்து, சக்கர நாற்காலியில் தானே ஏறி இறங்கப் பழக்கும் மறுவாழ்வு மையம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. அவர்கள் கொடுத்திருந்த தேதிக்குள் அவன் வந்தாக வேண்டும்.

"மைனி, நீங்க போயிட்டு வாரியளா?" என்று ஜெயா கேட்டாள். கேட்டுவிட்டு என் காலைப் பார்த்தாள். உடனே வேறெங்கோ பார்த்தாள்.

எனக்கு வலது கால் போலியோ. இரண்டு வயதில் வந்தது. காலை நிமிர்த்திப் பிடிக்கும் இரும்புக் காலிபர் மாட்டி, முழங்கைக் கட்டையை ஊன்றி வீட்டிலும் அலுவலகத்திலும் நடப்பேன். விமான நிலையம் போன்ற நீளமான இடமென்றால் சக்கர நாற்காலி வேண்டும். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் தம்பி வீட்டிலேயே இருக்கிறேன்.

"போவேன். போனா அவனோடதான் வருவேன்" என்றேன்.

கிளம்புவதற்கு முன்பு அலுவலகத்தில் உட்கார்ந்து, மாற்றுத்திறனாளிப் பயணிகளைப் பற்றி இந்திய விமான விதிகள் என்ன சொல்கின்றன என்று முழுக்கப் படித்தேன். சரக்குக்கான விதிகளையே வாழ்நாள் முழுவதும் படித்தவள். மனிதர்களுக்கான விதியும் அதே மொழியில்தான் இருந்தது. உடற்குறை என்ற காரணத்துக்காக யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. பயணிக்கு வானத்தில் உடம்புக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சந்தேகம் வந்தால் மருத்துவரை வைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கங்களை அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் புதுக்கோட்டைக் கிராமம் தாண்டி இருக்கும் எங்கள் ஊர் விமான நிலையத்தைத் திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து நூறு தடவை பார்த்திருப்பேன். உள்ளே போனது அன்றுதான். சிறிய விமானம், படிக்கட்டு உயரம். சுமை ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். மேலே எழும்பியபோது உப்பளங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஒரு கட்டத்தில் வானம், ஒன்றில் சேறு, ஒன்றில் வெள்ளை. துறைமுகத்தின் கரிக்குவியல் ஒரு கரும்புள்ளியாகக் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு மேகம்.

நடுவில் ஒரு பெரிய நகரத்தில் விமானம் மாற வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் காலிபரைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். அது எக்ஸ்ரே பெட்டிக்குள் போய், அந்தப் பக்கம் ஒரு லேப்டாப்புக்கும் யாருடைய பெல்ட்டுக்கும் நடுவே வெளியே வந்தது. திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் புடவையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். அதை என்னிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் துப்புரவு செய்யும் பெண் ஒருத்தி துடைப்பத்தைச் சாத்திவிட்டு எடுத்துவந்து கொடுத்தாள். "கனமா இருக்கே அம்மா, தினம் இதைத்தான் சுமக்கிறீங்களா?" என்று இந்தியில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாலே விமானத்தில் முக்கால்வாசிப் பேர் புதுமணத் தம்பதிகள். கை நிறைய மருதாணி. பக்கத்து இருக்கைப் பெண் என்னிடம், "நீங்கள் எந்தத் தீவில் தங்குகிறீர்கள்?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரியில்" என்றேன். அதற்குப் பிறகு அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டாம்.

மாலே விமான நிலையம் கடலுக்கு நடுவே ஒரு தனித் தீவில் இருக்கிறது. பாலம் வழியாக டாக்சியில் ஊருக்குள் போனேன். தண்ணீர் அப்படியொரு நீலம்; எங்கள் ஊர்க் கடலுக்கு அந்த நிறம் தெரியாது. ஊருக்குள் சந்து சந்தாகத் தெருக்கள், இடுப்பு அகலத்துக்கு நடைபாதை, எல்லா இடத்திலும் மோட்டார் சைக்கிள். என்னைப் போன்றவர்கள் நடக்க இடமில்லாத விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று.

தம்பியை ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தேன். மூட்டைமேல் மூட்டை ஏறி நின்று சத்தம்போடுகிற ஆள். கட்டிலில் பாதியாக இருந்தான். முகத்தை மட்டும் அன்று காலையில் யாரையோ கூப்பிட்டுச் சவரம் செய்யவைத்திருந்தான்.

"யக்கா, ஒன்னயா அனுப்பிட்டாவ?" என்றான்.

"ஏன், வேற யாரு வரணும்?"

"இல்ல... ஒனக்கே ஒரு ஆளு வேணும்லா."

"அதத்தான் ஒங்கிட்ட கேக்க வந்தேன். எந்திரிச்சு எனக்குத் தொணைக்கு வா" என்றேன். சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடையில் சாப்பிட்டேன். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், எலுமிச்சை, மிளகாய் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தி மாதிரியான ஒன்றோடு தருகிறார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கிற மாசிக் கருவாட்டின் ருசி அதில் இருந்தது. மாசி எங்களுக்கு இங்கிருந்து வருகிறது, வெங்காயம் எங்களிடமிருந்து இங்கே வருகிறது. தம்பிக்குக் கொஞ்சம் பொட்டலம் வாங்கிப் போனேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "வெங்காயம் பழசு. நா இருந்தா இத எறக்கியிருக்க மாட்டேன்" என்றான்.

அவனைக் கவனித்துக்கொண்ட பிசியோதெரபிஸ்ட் கேரளத்துப் பெண். இரண்டு நாள் எனக்குப் பாடம் நடத்தினாள். சிறுநீர்ப் பையைக் காலிசெய்வது எப்படி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறவர்கள் எங்கே பிடிக்க வேண்டும் என்றெல்லாம். திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். "உட்கார்ந்த இடத்தில் ரத்தம் ஓடாமல் போனால் நமக்கு உறுத்தும், அசைந்துகொள்வோம். இவருக்கு உறுத்தாது. அதனால் அசையமாட்டார். சதை உள்ளேயே செத்துவிடும். அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை பின்பக்கம் இருக்கையை விட்டு எழும்பும்படி அவரே கையை ஊன்றித் தூக்க வேண்டும், இல்லை நீங்கள் தூக்க வேண்டும். இந்த மெத்தை இல்லாமல் எதிலும் உட்கார வைக்கக் கூடாது." காற்றறைகள் வைத்த கறுப்பு மெத்தை ஒன்றைக் கொடுத்தாள். முட்டை அடுக்கும் அட்டையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

விமானக் கம்பெனியின் படிவத்தை நானே நிரப்பினேன். மருத்துவர் கையெழுத்துப் போட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கைகள் நன்றாக இயங்குகின்றன, காற்று மெத்தை அவசியம், உடன் வருபவர் சகோதரி. எல்லாவற்றையும் எழுதி, இரண்டு நாள் முன்கூட்டி அனுப்ப வேண்டும் என்ற விதிப்படி மூன்று நாள் முன்கூட்டியே அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

ஐந்தாம் நாள் மண்டி முதலாளி வேன் அனுப்பினார். விமான நிலையக் கவுண்டர் முன்னால் இரண்டு சக்கர நாற்காலிகளில் நானும் தம்பியும். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பெயரைத் தட்டினாள். எட்டிப் பார்த்தாள்.

"இவருக்குத் துணையாக வருவது யார்?"

"நான்தான்."

"நீங்களும் வீல்சேர் பயணிதானே, மேடம்?"

"நடப்பேன். இது தூரத்துக்காக."

அவள் உள்ளே போய் மேற்பார்வையாளரைக் கூட்டிவந்தாள். இளவயது, இஸ்திரி குலையாத சட்டை. மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபத்து நேர்ந்தால் பயணியை வெளியேற்றக்கூடிய உடல் தகுதி துணையாளுக்கு இருக்க வேண்டும், உங்களை நாங்கள் துணையாளாக ஏற்க முடியாது, துணை இல்லாமல் இவரையும் ஏற்ற முடியாது என்றார்.

படிவத்தைக் காட்டினேன். என்னைப் பற்றியும் அதில் எழுதியிருந்தது. "இது எங்களுக்கு வந்து சேரவில்லை" என்றார். வந்து சேர்ந்தது என்று அவர்களே அனுப்பியிருந்த பதிலைக் காட்டினேன். "இது வேறு பிரிவு" என்றார். கைப்பையிலிருந்து விதிகளை எடுத்தேன். அவனுக்குக் கை இரண்டும் நன்றாக இருக்கின்றன, மருத்துவரைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். மஞ்சள் கோடு போட்ட வரிகளை அவர் நிதானமாகப் படித்தார்.

"புரிகிறது, மேடம். ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது முடிவு எங்களுடையது."

"சரி. ஏற்ற மாட்டோம், காரணம் இன்னது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்."

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சங்கடம் தெரிந்தது. "எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்லை."

"மறுக்க அதிகாரம் இருக்கிறதா?"

வரிசையில் பின்னால் நின்ற ஒரு இந்தியர், "அம்மா, எங்களுக்கெல்லாம் நேரமாகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாற்காலியைத் தள்ளிய பணியாள் எங்கள் இருவரையும் ஒவ்வொருவராக ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு கவுண்டர் விளக்கு அணைந்தது. வெளியே விமானம் ஓடி எழும்பும் சத்தம் கேட்டது.

வேனில் பாலத்தைக் கடக்கும்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"யக்கா, தோணில வெங்காயத்தக் கொண்டாந்து எறக்குத மாதிரி, திரும்பிப் போகையில என்னயும் ஏத்திவிட்ரு. மூட்டைக்கித் தொணையாளு வேண்டாம்லா."

துணைக்கு வந்தவள் என்ற பெயரோடுதான் ஊரிலிருந்து கிளம்பியிருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் எத்தனையோ இடத்தில் முடியாது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னால் அவனுக்கும் முடியாமல் போனது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் கட்டிலைத் திரும்பக் கொடுத்தார்கள். ஜெயாவிடம் போனில், விமானம் ரத்தாகிவிட்டது என்று பொய் சொன்னேன். அடுத்த இரண்டு நாளும் ஊரே பிடிக்கவில்லை. மீன் சூப்பும் சோறும் வைத்தார்கள். தெளிவான சூப், எங்கள் ஊர்ப் புளிக்குழம்புக்கு ஏங்கிய நாக்கில் வெறும் வெந்நீராக இறங்கியது. மழை விடாமல் பெய்தது.

ஏழாம் நாள் மச்சாடோ அண்ணாச்சி வந்தார். தூத்துக்குடிக்காரர், தோணியில் எஞ்சின் டிரைவர். தம்பியைத் துறைமுகத்தில் வைத்துத் தெரியும். எஞ்சின் பழுதாகித் தோணி மாலேயிலேயே நின்றுவிட, மகள் நிச்சயதார்த்தத்துக்காக மறுநாள் விமானத்தில் ஊருக்குக் கிளம்புகிறவர். போவதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். கையில் ஒரு தூக்குவாளி.

"தோணிக் குசினில நானே வச்ச கொழம்பு தங்கச்சி. வெளமீனு. சோத்துல ஊத்திக் குடுங்க, தம்பி தின்னட்டும்" என்றார்.

புளியும் தேங்காயும் அரைத்துவிட்ட குழம்பு. தம்பி தட்டை வழித்துத் தின்றான். அவன் தின்று முடிக்கிற வரையில் நடந்ததையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"தொணைக்கி ஆளு, அவ்வளவுதான? எம்பேர எழுதிக்கிடச் சொல்லுங்க. நானும் அந்தப் பிளேன்லதான வாரேன்."

எங்கள் டிக்கெட்டை அவருடைய விமானத்துக்கே மாற்றிக்கொண்டேன். மறுநாள் அதே கவுண்டர், அதே மேற்பார்வையாளர். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். தேவைப்பட்டால் இவரைத் தூக்குவீர்களா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"எஞ்சினயே தூக்குதேன், இவனத் தூக்க மாட்டனா? சொல்லுங்க அவருட்ட" என்றார் அண்ணாச்சி.

இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. சிறுநீர்ப் பை எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாத மனிதரின் பெயர் துணையாள் என்ற இடத்தில் ஏறியது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஏறினால் போதும் என்றிருந்தது.

விமான வாசலில், உள்ளே கொண்டுபோகிற ஒடுக்கமான நாற்காலிக்குத் தம்பியை மாற்றினார்கள். காற்று மெத்தையை நான் மடியில் வைத்திருந்தேன். அவன் இருக்கையில் இதைப் போடுங்கள் என்று நீட்டினேன். பணிப்பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்கைமேல் வேறு எதையும் போட அனுமதி இல்லை, மேடம். கீழே சரக்கில் பத்திரமாக வந்துவிடும்."

மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேற்பார்வையாளர் பட்டியலோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

தம்பி மெல்லத் தமிழில் சொன்னான்: "விட்ருக்கா. இப்ப ஏதாவது சொன்னா எறக்கிவிட்ருவாவ."

மெத்தையைக் கொடுத்துவிட்டேன். நன்றி என்றும் சொன்னேன். அந்த நன்றியை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நடக்கமுடியாத இருவரை ஒரே வரிசையில் உட்காரவைக்க மாட்டோம் என்று என்னைப் பதினொரு வரிசை தள்ளிப் பின்னால் போட்டார்கள். அரைமணிக்கு ஒரு தடவை தூக்கிவிடுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லித்தான் போனேன். ஒரு தடவை தூக்கினார். அவர் தலை எழும்பியதை நான் பார்த்தேன். பிறகு சாப்பாட்டு வண்டி வந்து வழியை அடைத்தது, பிறகு பெல்ட் போடச் சொன்னார்கள். மூன்று நாளாகப் பழுது பார்த்துக் களைத்திருந்தவர் தூங்கிவிட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அவர் தன் பெயரைத்தான் தந்தார், மற்றது என் வேலை.

விமானம் மாறும் நகரத்தில் இறங்கும்போது எல்லோரும் போன பிறகு நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ஒடுக்கமான நாற்காலி வருவதற்குள் விமானத்தைப் பெருக்கி முடித்துவிட்டார்கள். தூத்துக்குடி விமானத்துக்கு நான்கு மணி நேரம் இருந்தது. மெத்தையை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன். அது நேரே தூத்துக்குடிக்குப் பதிவாகிவிட்டது என்றார்கள். அப்படியானால் இவனைப் படுக்கவைக்க ஒரு இடம் தாருங்கள் என்றேன். ஒரு கவுண்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். மருத்துவ அறையில் எட்டிப் பார்த்த செவிலி, "காய்ச்சலா? வாந்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் நோயாளி இல்லையே" என்றார். அண்ணாச்சி தன் சட்டையையும் என் சால்வையையும் மடித்து அவனுக்கடியில் வைத்தார். பனியனோடு அந்தக் கண்ணாடிக் கூடத்தில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவனைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். விமானம் மேலும் ஒன்றரை மணி தாமதம்.

"வலிக்கால தொரை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

"எனக்கென்னக்கா தெரியும்?" என்றான்.

தூத்துக்குடியில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. சுமைக்காரர்கள் இருவர் படியேறித் தம்பியிடம் வந்தார்கள். "அண்ணாச்சி, எங்கழுத்தச் சுத்திப் பிடிச்சுக்கிடுங்க. பயப்படாதிய, மெதுவாத்தான் எறக்குவோம்" என்றார் ஒருவர். அந்த நாள் முழுவதிலும் தம்பியிடமே நேராகப் பேசிய முதல் ஊழியர் அவர்தான். பெட்டிகள் வரும் பட்டையில் காற்று மெத்தை வந்தது. கண்ணாடித்தாள் சுற்றி, 'கவனமாகக் கையாளவும்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது.

வீட்டில் பிள்ளைகள் இருவரும் அப்பாவைக் கட்டிக்கொண்டார்கள். ஜெயா உடை மாற்ற அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

"மைனி, இங்கன வந்து பாருங்க" என்றாள்.

முதுகின் அடியில், எலுமிச்சம்பழ அளவுக்குக் கன்றிச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. அடுத்த வாரம் அது கறுத்தது. பிறகு திறந்துகொண்டது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எலும்பு தெரிகிறது என்றார் டாக்டர். காய்ச்சலில் பதினெட்டு நாள் கிடந்தான். இரண்டு தடவை அறுத்துச் சுத்தம் செய்தார்கள். பிழைப்பானா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் இருந்த நாட்கள் அவை. மறுவாழ்வு மையத்திலிருந்து, புண் முழுக்க ஆறினால்தான் சேர்க்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு யாரோ போனார்கள்.

அது முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில்தான் இருக்கிறான். பெரும்பாலும் குப்புறப் படுத்தபடி, தலையணையில் தாடையை ஊன்றிக்கொண்டு. ஜெயாவும் நானும் முறைபோட்டு இரண்டு மணிக்கு ஒரு தடவை அவனை இடமும் வலமுமாகத் திருப்புகிறோம். மச்சாடோ அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். தம்பியைப் பார்த்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நா ஒறங்காம இருந்திருக்கணும்" என்று ஒரே பேச்சுதான். இல்லை அண்ணாச்சி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

விமானக் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். மறுத்தது, எழுதித்தராதது, மெத்தையை வாங்கிக்கொண்டது, பிரித்து உட்காரவைத்தது, எல்லாவற்றையும் படிவத்தின் நகலோடு அனுப்பினேன். பதில் சென்ற வாரம் வந்தது. வருந்துகிறோம் என்று தொடங்கியது. நடுவில் இரண்டு வரி. பயணி தனக்கு வலி இருப்பதாகப் பயணத்தின் எந்தக் கட்டத்திலும் ஊழியர்களிடம் தெரிவிக்கவில்லை. மெத்தை சரக்கில் ஏற்றப்பட்டபோது துணையாக வந்த சகோதரியும் ஆட்சேபிக்கவில்லை.

துணையாக வந்த சகோதரி. கடைசியில் என்னை அப்படி ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தைத் தம்பிக்குக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவன் கேட்டான். தமிழில் சொன்னேன்.

"வலி தெரியாதுன்னு அந்த ஃபாரத்துலயே எழுதியிருந்தோம்லா?" என்றான்.

"எழுதியிருந்தோம்."

"அத மறுபடியும் எழுது. ரெண்டாவது சொன்னது நெசந்தான். நாம பேசாமத்தான இருந்தோம். ஏன் பேசாம இருந்தோம்னு எழுது. பயந்துட்டோம்னு எழுது."

"அப்படியா எழுதுவாவ, தொரை?"

"அப்படித்தான எழுதணும்?"

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவன் கட்டில் ஓரமாக உட்கார்ந்து தட்டினேன். இருபது வருடத்தில் எத்தனையோ ஆங்கிலக் கடிதம் எழுதியிருக்கிறேன். பயந்தோம் என்ற சொல்லை எதிலும் எழுதியதில்லை. இதில் எழுதினேன்: உணர்ச்சி இல்லாதவனுக்கு வலிக்காது என்பதை நாங்கள் எழுத்தில் தந்திருந்தோம். நாங்கள் ஆட்சேபிக்காததற்குக் காரணம், ஆட்சேபித்தால் எங்களை இறக்கிவிடுவீர்கள் என்று பயந்ததுதான். மூன்று நாள் முன்பு அதே விமான நிலையத்தில் நீங்கள் எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தீர்கள்.

"வாசி" என்றான். தமிழாக்கி வாசித்தேன்.

"சரிதான். அனுப்பு."

அனுப்பினேன். மணி நான்காகியிருந்தது. ஜெயா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அவன் தோளைப் பிடித்தேன். அவள் இடுப்பைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணி அவனை ஜன்னல் பக்கமாகத் திருப்பினோம்.